மசாய் ஆயரும் மாறிவந்த நிலக் கொள்கையும்

கி.பி. 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கிழக்காப்பிரிக்கக் காப்பாட்சி நாட்டின் ஆணையராயிருந்த சர் டொனால்டு ஸ்டூவர்ட்டும் மசாய் மக்களின் தலைவர் சிலரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நைவாஷா, நக்கூரு ஆகிய ஏரிகளைச் சூழ்ந்த பெரும் பள்ளத்தாக்கின் புல்வெளிகளை மசாய் மக்கள் வெள்ளைக் குடியேற்றக்காரர்க்கு விட்டுவிட வேண்டும். அதற்கு ஈடாக வடக்கே லைக்கிப்பியா மேட்டுநிலத்தில் ஒன்றும், புகைவண்டிப் பாதைக்குத் தெற்கே ஒன்றுமாக இரண்டு ஒதுக்கு நிலங்கள் அவர்கட்கு அளிக்கப்படும். இரண்டுக்கும் இடையே ஆநிரை சென்றுவர அரை மைல் அகலமுள்ள வழி விடப்படும். இந்த ஏற்பாடு மசாய் இனம் உலகில் உள்ளளவும் மாறாது என்றும் அதில் எழுதப்பட்டது. ஆனால் ஏழே ஆண்டுகளில் அது மாறியது. அரை மைல் வழியோ என்றுமே திறக்கப்படவில்லை.

இன்றைய கென்யா நாட்டின் மேய்ச்சல் நிலக் கொள்கை இந்த உடன்படிக்கையிலிருந்தே தொடங்குகிறது எனலாம். அதன் பின் நூறாண்டுகளுக்கு மேலாக, வறண்ட நிலத்து ஆயர்களை என்ன செய்வது என்னும் கேள்விக்குப் பல அரசுகளும் பல அறிஞர்களும் பலவாறாக விடை கூறியுள்ளனர். ஒவ்வொரு விடையும் ஒரு சட்டமாகவோ திட்டமாகவோ நடைமுறைக்கு வந்தது. அவற்றுள் சில நல்லெண்ணத்தோடு பிறந்தவை என்பதையும் மறுப்பதற்கில்லை.

மாடும் மழையும்

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு என்பதை ஆசிரியர்கள் அறிவர். மசாய் மக்களிடத்திலும் மாடே செல்வம். பால் அவர்களின் முதன்மை உணவு. திருமணம், சடங்கு, நட்பு, வழக்குத் தீர்ப்பு எல்லாம் மாட்டைக் கொண்டே நடந்தன. ஆயினும் அவர்கள் மாட்டைப் பெருக்கியது வெறும் பெருமைக்காக அன்று. அவர்கள் வாழும் நிலத்தின் இயல்பை நோக்கினால் காரணம் விளங்கும்.

மார்ச் முதல் மே வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு சிறு மழை. தாழ்ந்த சமவெளிகளில் பல இடங்களில் இவ்விரண்டையும் சேர்த்தாலும் ஆண்டு மழை 20 அங்குலத்தை எட்டாது. அதுவும் ஓரிடத்தில் பெய்யும்; பத்து மைலுக்கு அப்பால் ஒரு துளியும் விழாது. ஓராண்டு வெள்ளம், அடுத்த ஆண்டு வறட்சி. இத்தகைய நிலத்தில் ஒரே இடத்தில் தங்கி மாடு வளர்ப்பவன் விரைவில் மாடில்லாதவன் ஆவான். ஆகவே மழைக்காலத்தில் மந்தைகள் திறந்த சமவெளிகளில் பரவிச் சென்று, தேங்கிய நீரையும் புதுப் புல்லையும் நாடும்; கோடையில் வற்றாத ஊற்றுகளும் சதுப்புகளும் உள்ள இடங்களுக்கும் மலைச்சரிவுகளுக்கும் திரும்பும். கோடைக்குரிய புல்லை மழைக்காலத்தில் தொடலாகாது என்பது விதி. குடியிருப்பின் அருகே கன்றுகளுக்கும் நோயுற்ற மாடுகளுக்கும் ‘ஓலோக்கேரி’ என்ற தனிப் புல்வெளி ஒதுக்கப்பட்டது. எப்போது எங்கே நகர்வது என்பதை மூத்தோர் கூடி முடிவு செய்தனர்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவன் தன் மாடுகளில் சிலவற்றைத் தொலைவிலுள்ள நண்பர்க்குக் கொடுத்து வைப்பான். அவர்களும் அவனுக்குக் கொடுப்பார்கள். ஓரிடத்தில் நோயோ வறட்சியோ வந்து மந்தை அழிந்தாலும் மற்றோர் இடத்தில் சில மாடுகள் பிழைத்திருக்கும். அந்த நண்பர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழையார். பரிமாறிக்கொண்ட விலங்கின் பெயராலேயே அழைப்பர். மாடு கொடுத்தவர் ‘பாக்கிடெங்’, ஆடு கொடுத்தவர் ‘பாக்கேர்’. காப்பீடு என்னும் சொல்லை அறியாத மக்கள் காப்பீட்டையே உறவுமுறை ஆக்கிக்கொண்டார்கள்.

எனவே, பொதுவில் இருக்கும் மேய்ச்சல் நிலம் யாருக்கும் உரிமையற்ற நிலம் என்று கருதுவது தவறு. அதில் உரிமையும் உண்டு, விதியும் உண்டு. அவை தாளில் எழுதப்படவில்லை, அவ்வளவே.

காலியாகத் தோன்றிய நாடு

வெள்ளையர் வந்தபோது அந்நிலம் வெறுமையாய்க் கிடந்தது போலத் தோன்றியது உண்மை. அதற்குக் காரணம் வேறு. 1880-களில் மாடுகளுக்கு நுரையீரல் நோய் வந்தது. அதனைத் தொடர்ந்து 1890-ஆம் ஆண்டளவில் வடக்கேயிருந்து வெக்கை நோய் பரவியது. எரித்திரியாவில் இத்தாலியர் படைக்காக இறக்கப்பட்ட மாடுகளோடு அது ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் நுழைந்தது என்பர். மசாய் மாடுகளில் பத்தில் ஒன்பது பங்கு மடிந்தது எனக் கணக்கிடுவோரும் உளர். பின்னர்ப் பெரியம்மையும் பஞ்சமும் வந்தன. அக்காலத்தை மசாய் மக்கள் ‘எமுத்தாய்’, அதாவது முழு அழிவு, என்று அழைக்கின்றனர். அத்துடன் அவர்களின் சமயத் தலைவரான ம்பாட்டியான் இறந்தபின் அவர் மைந்தர் லெனானாவும் செண்டேயோவும் தம்முள் போரிட்டனர்.

இந்த நிலையில்தான் 1896-இல் மொம்பாசாவிலிருந்து புகைவண்டிப் பாதை போடத் தொடங்கினர். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து, அதிலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுவரப்பட்ட தொழிலாளர். 1899-இல் பாதை நைரோபியை அடைந்தது. நைரோபி என்னும் பெயரே மசாய் மொழியில் குளிர்ந்த நீரைக் குறிப்பது. 1901-இல் பாதை விக்டோரியா ஏரியைத் தொட்டது. அதற்கான செலவை மீட்க வேண்டுமானால் வழியிலுள்ள நிலம் விளைய வேண்டும்; அதற்கு ஐரோப்பியக் குடியேற்றமே வழி என்று ஆணையர் சர் சார்லஸ் எலியட் முடிவு செய்தார். டெலமேர் பிரபு என்பவருக்கு மட்டும் நிஜோரோவில் 100,000 ஏக்கர் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது.

லெனானா மசாய் மக்களின் அரசர் அல்லர்; குறி சொல்லுதலும் சடங்கு நடத்துதலுமே அவர் குடும்பத்தின் பணி. அவரைப் பிரிட்டிஷார் தலைமைத் தலைவராக ஏற்றுக்கொண்டு அவரிடமே ஒப்பம் பெற்றனர். நிலத்தைக் கொடுக்க உரிமையில்லாதவர் கொடுத்தார். பெற உரிமையில்லாதவர் பெற்றனர்.

இரண்டாம் உடன்படிக்கை

லைக்கிப்பியாவில் மந்தைகள் மீண்டும் பெருகின. நல்ல நீர், நல்ல புல், உயர்ந்த நிலம். குடியேற்றக்காரர் கண் அதன்மேல் விழுந்தது. ஆளுநர் சர் பெர்சி ஜிரூவார்டு காலத்தில், 1911 ஏப்ரல் 4-ஆம் நாள், வடபகுதி மசாய் மக்களும் தெற்கே போகவேண்டும் என்ற இரண்டாம் உடன்படிக்கை எழுதப்பட்டது. லெனானா அதற்குச் சில வாரங்கட்கு முன்னரே இறந்துவிட்டார். வடபகுதி வீரர் அணியின் தலைவரான பர்சலோய் ஓலே கிலிஷோ முதலில் மறுத்தார். பின்னர் நெருக்குதலுக்கு உட்பட்டு ஒப்பமிட்டார்.

அந்த ஆண்டிலேயே வெளியேற்றம் தொடங்கியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். மாடுகளோ இலட்சத்துக்கு மேல். ஆடுகள் பத்து இலட்சத்துக்கு மேல். ஏற்பாடு செய்த அதிகாரிகள் இத்துணைப் பெரிய மந்தை ஒரே சமயத்தில் மலைச்சாரலைக் கடக்கும்போது என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. மாவு மலைச்சரிவில் குளிரும் மழையும் தாக்கின; விலங்குகளும் மனிதரும் மாண்டனர்; பயணம் இடைநிறுத்தப்பட்டது. 1912-இல் மீண்டும் தொடங்கி 1913-இல் அது முடிவுற்றது. ஜிரூவார்டு 1912-லேயே பதவி விலகினார். இச்செயலைக் கண்டித்த நார்மன் லேஸ் என்ற அரசாங்க மருத்துவர் வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டார். பின்னாளில், 1924-இல், அவர் எழுதிய ‘கென்யா’ என்னும் நூல் இங்கிலாந்தில் பலரைச் சிந்திக்க வைத்தது.

மசாய் மக்கள் ஈட்டியை எடுக்காமல் வழக்கறிஞரை நாடியது குறிப்பிடத்தக்கது. ஓலே நிஜோகோ முதலானோர் 1912-இல் வழக்குத் தொடுத்தனர். 1904-ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்னும் செல்லும், 1911-ஆம் ஆண்டு உடன்படிக்கை தங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அவர்கள் வாதம். 1913 மே திங்களில் உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளியது. சொல்லப்பட்ட காரணம் வியப்பானது. காப்பாட்சி நாடு பிரிட்டிஷ் மண் அன்று. அங்குள்ள மசாய் மக்கள் பிரிட்டிஷ் குடிகள் அல்லர். எனவே இவை இரண்டு ஆட்சிகளுக்கு இடையே ஏற்பட்ட உடன்படிக்கைகள். அவற்றை விசாரிக்கும் அதிகாரம் உள்நாட்டு நீதிமன்றத்துக்கு இல்லை என்பதாகும். உடன்படிக்கை செய்துகொள்ளும் அளவுக்கு மசாய் இனம் தனியாட்சி உடையது. அதனை நிறைவேற்றுமாறு கேட்கும் அளவுக்கு உடையதன்று! சட்டம் பயில்வோர் இன்றும் இத்தீர்ப்பைப் படிக்கின்றனர்.

இதற்குப் பின் மசாய் மக்கட்கு எஞ்சியது தெற்கே ஏறக்குறைய 15,000 சதுர மைல். இவ்வளவு நிலம் இவ்வளவு சிலருக்கா என்று குடியேற்றக்காரர் முணுமுணுத்தனர். ஆனால் அதில் நீரில்லாத பகுதியும் உண்ணிக் காய்ச்சலும் செட்சி ஈயும் உள்ள பகுதியும் எவ்வளவு என்பதை அவர்கள் கூறவில்லை. இழந்தவை பெரும்பாலும் கோடைப் புல்வெளிகள். கோடைப் புல்வெளி இல்லாத மழைக்காலப் புல்வெளி பாதி ஆண்டுக்குத்தான் பயன்படும்.

மாடு மிகுதி என்ற குற்றச்சாட்டு

1920-களிலும் 1930-களிலும் அரசாங்கத்தின் கவலை வேறு வடிவம் கொண்டது. ஆப்பிரிக்கர் அளவுக்கு மீறி மாடு வைத்திருக்கின்றனர். அதனால் மண் அரிக்கப்படுகிறது. ஆகவே மாட்டைக் குறைக்கவேண்டும் என்பது அக்காலத்துக் கால்நடை அதிகாரிகளின் ஒருமித்த கருத்து. சர் மோரிஸ் கார்ட்டர் தலைமையில் அமைந்த நில ஆணையம் 1934-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இக்கருத்து இடம்பெற்றது. ஆனால், குடியேற்றக்காரரின் உயர்சாதி மாடுகளுக்கு நோய் தொற்றாதிருக்கவேண்டும் என்பதற்காக மசாய் ஒதுக்கு நிலம் நெடுங்காலம் நோய்த்தடைக்கு உட்பட்டிருந்தது. மாட்டை வெளியே கொண்டுபோய் விற்க வழியில்லை. விற்க விடாமல் தடுத்துவிட்டு, விற்காமல் சேர்த்து வைக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினால் அதற்கு என்ன விடை கூறுவது?

இக்கொள்கை முற்றியது மசாய் நாட்டில் அன்று. அவர்களின் அண்டை மக்களாகிய கம்பா இனத்தாரிடம். 1938-இல் ஆத்தி ஆற்றங்கரையில் லீபிக் நிறுவனத்தின் இறைச்சித் தொழிற்சாலை அமைந்தது. அதற்கு மாடு வேண்டும். மச்சாக்கோஸ் மாவட்டத்தில் கம்பா மக்களின் மாடுகளைக் கட்டாயமாகக் கைப்பற்றி விற்கத் தொடங்கினர். அவ்வாண்டு ஜூலையில், முயிண்டி ம்பிங்கு என்பவர் தலைமையில் ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நைரோபிக்கு நடந்து சென்று, ஆளுநரைக் காணாமல் திரும்புவதில்லை என்று வாரக்கணக்கில் அங்கேயே தங்கினர். தலைவர் லாமுத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்; ஆனால் கட்டாய விற்பனையும் கைவிடப்பட்டது. அன்றைய ஆளுநர் சர் இராபர்ட் புரூக்-பொப்பம். சிங்கப்பூர், மலேசிய வாசகர்க்கு இப்பெயர் புதிதன்று. 1940 நவம்பரில் தூரகிழக்குப் படைகளின் தலைமைத் தளபதியாகச் சிங்கப்பூருக்கு வந்து, சப்பானியர் தாக்கத் தொடங்கிய 1941 டிசம்பரிலேயே பதவியிலிருந்து மாற்றப்பட்டவர் இவர்தாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தடியை வைத்துவிட்டுத் திட்டத்தைக் கையில் எடுத்தனர். 1954-ஆம் ஆண்டின் சுவின்னர்ட்டன் திட்டம் முதன்மையாக உழவு நிலத்தைப் பற்றியது. வறண்ட பகுதிகளுக்கு அது மேய்ச்சல் திட்டங்களை வகுத்தது. நிலத்தைக் கூறுகளாகப் பிரிப்பது, முறைவைத்து மேய்ப்பது, கிணறு தோண்டிக் கொடுப்பது, அதற்கு ஈடாக மாட்டின் எண்ணிக்கையை வரையறுப்பது என்பன அதன் கூறுகள். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அவை நடந்தன. 1960-61-ஆம் ஆண்டுகளின் கொடிய வறட்சியில் கூறுகளின் எல்லையை மாடும் மதிக்கவில்லை, மாட்டுக்குரியவனும் மதிக்கவில்லை. மசாய் நாட்டில் மாடுகள் ஏராளமாக மடிந்தன. 1961-இன் இறுதியில் வெள்ளம் வந்து எஞ்சியவற்றுள்ளும் பலவற்றைக் கொண்டுபோயிற்று.

கூட்டுப் பண்ணை

1963 டிசம்பர் 12-ஆம் நாள் கென்யா விடுதலை பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் இலண்டன் மாநாட்டில் மசாய்ப் பேராளர் தங்கள் பழைய நிலத்தைப் பற்றி முறையிட்டனர், அது ஏற்கப்படவில்லை. புதிய அரசு 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட 10-ஆம் எண் கொள்கை அறிக்கை, முதலீட்டை மிகுந்த விளைவு தரும் பகுதிகளில் இடவேண்டும் என்று கூறியது. மழையும் வளமண்ணும் உள்ள மேட்டுநிலமே அதனால் பயனடைந்தது. நாட்டின் பெரும்பரப்பாகிய வறண்ட நிலம் பின்தள்ளப்பட்டது. கருத்தில் அன்று, விளைவில் அது பழைய ஆட்சியின் தொடர்ச்சியே.

ஆயினும் மசாய் நாட்டுக்கென்று ஒரு தனித் திட்டம் உருவாயிற்று. தனியாள் பட்டா கொடுத்தால் வறண்ட நிலம் துண்டுபடும். பொதுவாக விட்டாலோ யாரும் முதலீடு செய்யார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, 1965-66-இல் அமைந்த லாரன்ஸ் குழு, ஒரு பகுதியில் வாழும் குடும்பங்கள் கூட்டாக ஒரே பட்டா பெறலாம் என்று பரிந்துரைத்தது. 1968-ஆம் ஆண்டில் நிலம் (கூட்டுப் பேராளர்) சட்டம் நிறைவேறியது. உறுப்பினர் பெயர்கள் பதிவு செய்யப்படும். மூவர் முதல் பதின்மர் வரை பேராளரைத் தேர்ந்தெடுப்பர். அவர்கள் பெயரில் நிலம் இருக்கும். அதை ஈடுகாட்டிக் கடன் பெற்று ஆழ்துளைக் கிணறும் உண்ணி ஒழிக்கும் மருந்துத் தொட்டியும் அமைக்கலாம். ஒவ்வொரு குடும்பமும் இத்தனை மாடுதான் வைக்கலாம் என்று அளவு வகுக்கப்படும். உலக வங்கியும் சுவீடனும் பின்னர் வேறு நாடுகளும் பணம் கொடுத்தன. முதற்கட்டப் பண்ணைகள் கஜியாடோ மாவட்டத்தின் கப்புட்டியே பகுதியில் அமைந்தன.

அதே 1968-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உயிரியலறிஞர் காரெட் ஹார்டின் பொதுநிலத்தின் அவலத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். பொதுப் புல்வெளியில் ஒவ்வோர் ஆயனும் தன் நலம் கருதி ஒரு மாட்டைச் சேர்ப்பான். முடிவில் புல்வெளியே அழியும் என்பது அவர் எடுத்துக்காட்டு. கென்யச் சட்டம் அதனைப் படித்துப் பிறந்ததன்று. ஆனால் அதற்குப் பின்வந்த திட்ட அதிகாரிகளின் மேசைகளில் எல்லாம் அக்கட்டுரை இருந்தது போலும். ஹார்டின் கண்ட புல்வெளி கற்பனை. அதில் மூத்தோர் அவையும் இல்லை, ஓலோக்கேரியும் இல்லை, கோடைப் புல்லைத் தொடக்கூடாது என்னும் விதியும் இல்லை. பொதுவளங்களை மக்கள் தாமே விதி வகுத்துக் காத்துவந்த வரலாறுகளைத் தொகுத்து எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல் நூல் எழுதினார். 2009-இல் பொருளியல் நோபல் பரிசும் பெற்றார். அதற்குள் மசாய் நாட்டில் நடக்கவேண்டியது நடந்து முடிந்திருந்தது.

கூட்டுப் பண்ணையை மசாய் மக்கள் ஏற்றுக்கொண்டதற்கு உண்மைக் காரணம் என்ன? மாட்டைக் குறைப்பதற்கு அவர்கள் இசைந்ததாக அதிகாரிகள் எண்ணினர். மக்களோ பட்டாவையே பெரிதாக எண்ணினர். மேட்டுநிலத்திலிருந்து உழவர் வந்து குடியேறிக்கொண்டிருந்தனர். கல்வி பெற்ற மசாய் சிலரும் தமக்கெனத் தனிப் பண்ணை பதிவு செய்துகொண்டிருந்தனர். ஒரு தாள் இல்லாததால் என்ன நேரும் என்பதை 1904-லும் 1911-லும் கண்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். ஆகவே தாளைப் பெற்றுக்கொண்டனர். மாட்டு அளவை மறந்துவிட்டனர். பண்ணையின் எல்லை நிலப்படத்தில் கோடாக இருந்தது. மழை அக்கோட்டை அறியாது. மழை தவறிய ஆண்டில் ஒரு பண்ணையார் அடுத்த பண்ணைக்குச் சென்றனர். அடுத்த ஆண்டு அவர்கள் இங்கே வந்தனர். பழைய முறை, புதிய சட்டத்தின் அடியில் தொடர்ந்து நடந்தது. மருந்துத் தொட்டியும் நீரும் பயன்பட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் உள்ளே வேறு பூசல்கள் வளர்ந்தன. பதிவின்போது சிறுவராயிருந்தோர் வளர்ந்து, தங்களுக்குப் பங்கு எங்கே என்றனர். பெண்கள் பெயர் பெரும்பாலும் பதிவிலேயே இல்லை. பேராளர் சிலர் கணக்குக் காட்டவில்லை. வாங்கிய கடனுக்கு எல்லாரும் பொறுப்பு, மாடோ தனித்தனி. 1980-களில் பண்ணைகளைப் பிரித்துத் தனிப்பட்டா தரவேண்டும் என்ற குரல் ஓங்கியது. அரசாங்கமும் அதற்கு ஊக்கம் தந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பண்ணைகள் துண்டாகின. பேராளர்க்கும் அவர் உறவினர்க்கும் பெரிய துண்டும் நீருள்ள துண்டும் விழுந்தன, மற்றவர்க்கு எஞ்சியவை. கிட்டெங்கெலா, ஙோங் முதலிய நைரோபியை ஒட்டிய இடங்களில் பட்டா கையில் வந்த சில ஆண்டுகளிலேயே நிலம் கைமாறியது. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, வறட்சியில் இழந்த மந்தை எனக் காரணங்கள் பல. வேலிகள் எழுந்தன, நைரோபிக் காட்டுயிர்ப் பூங்காவிலிருந்து மழைக்காலத்தில் தெற்கே செல்லும் விலங்குகளின் வழியும் அடைபட்டது. வேலி போடாமல் நிலத்தைத் திறந்து வைத்தால் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 4 டாலர் தரும் திட்டம் ஒன்று 2000-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கியது. திறந்த நிலத்தைப் பட்டா போட்டு மூடிய பின், மூடாதிருக்கக் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு சில இடங்களில் பட்டா பிரிந்த பின்னும் உறவினர் தம் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாகவே மேய்த்துவருவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

ஒரு மரத்தின் கதை

நல்லெண்ணம் எவ்வாறு வழிதவறும் என்பதற்கு, மசாய் மொழியையே பேசும் இல்சாமுஸ் மக்களின் கதை போதும். இவர்கள் பாரிங்கோ ஏரிக்கரையில் வாழ்பவர்கள். அங்கே 1980-களின் தொடக்கத்தில், மண்ணரிப்பைத் தடுக்கவும் விறகு கிடைக்கவும் என்று ஒரு முள்மரத்தை நட்டனர். அது வேறொன்றுமன்று, தமிழ்நாட்டில் இராமநாதபுரத்துக் கரிமூட்டங்களுக்குப் பேர்போன சீமைக் கருவேலம்தான். அது புல்வெளியை விழுங்கியது. ஏரிக்கரை மேய்ச்சலை அடைத்தது. அதன் இனிப்பான காய்களைத் தின்ற ஆடுகளின் பற்கள் சொத்தையாகி விழுந்தன. 2006-இல் இல்சாமுஸ் மக்கள் அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்தபோது, பல்லிழந்த ஓர் ஆட்டை நீதிமன்றத்துக்குச் சான்றாகக் கொண்டுவந்தனர்.

கருத்து மாறிய காலம்

அறிஞர்களின் கருத்தும் மெல்ல மாறிவந்தது. வடமேற்குக் கென்யாவின் துர்க்கானா மக்களிடையே பல ஆண்டுகள் ஆராய்ந்த எல்லிஸ், சுவிஃப்ட் என்ற இருவர் 1988-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மழை இவ்வளவு தாறுமாறாகப் பெய்யும் நிலத்தில், மாட்டின் எண்ணிக்கைக்கும் புல்லின் அளவுக்கும் ஒரு நிலையான சமன்பாடு கிடையாது. வறட்சியே மந்தையைக் குறைக்கிறது, மழையே புல்லை மீட்கிறது. எனவே இத்தனை ஏக்கருக்கு இத்தனை மாடு என்று வரையறுப்பதில் பொருளில்லை. நகர்ந்து செல்வதே அந்நிலத்துக்குப் பொருந்திய தொழில்நுட்பம் என்பது அவர்கள் கண்ட முடிவு. எல்லா மேய்ச்சல் நிலங்களுக்கும் இது பொருந்துமா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மழை சற்று நிலையாகப் பெய்யும் இடங்களில் மிகை மேய்ச்சல் மெய்யான கேடுதான். ஆயினும் ஐம்பதாண்டுக் காலமாக அதிகாரிகள் ஐயமின்றி நம்பிவந்த ஒன்று ஆட்டம் கண்டது.

அதன் எதிரொலி அரசுக் கொள்கையிலும் கேட்டது. ஆப்பிரிக்க ஒன்றியம் 2010-இல் ஆயர் வாழ்வுக்கான கொள்கை வரைவை உருவாக்கி, எல்லை கடந்து நகரும் உரிமையையும் அதில் ஏற்றது. கென்யாவும் 2012-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் அறிக்கையில், வறண்ட பகுதிகள் புறக்கணிக்கப்பட்டதை ஒப்புக்கொண்டு, மேய்ப்புத் தொழிலைப் பொருளாதாரத்தின் ஒரு பகுதியாக மதித்தது. பஞ்சம் வந்தபின் தானியம் அனுப்புவதை விட, வறட்சி தொடங்கும்போதே நீர், தீவனம், மாட்டுச் சந்தை ஆகியவற்றுக்கு உதவுவது சிக்கனம் என்ற எண்ணம் வலுப்பெற்று, வறட்சி மேலாண்மைக்கெனத் தேசிய ஆணையம் ஒன்று அமைந்தது. வடக்கு மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களுக்கு ஒழுங்காகப் பணம் வழங்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

2010-இல் மர்சபிட் மாவட்டத்தில் தொடங்கிய கால்நடைக் காப்பீடு புதுமையானது. இறந்த மாட்டை எண்ணிப் பார்க்க அதிகாரி வருவதில்லை. வானிலுள்ள செயற்கைக் கோள் நிலத்தின் பசுமையை அளக்கும். அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கினால் பணம் கொடுக்கப்படும். 2015 முதல் அரசாங்கமே எளிய குடும்பங்களுக்காகக் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தத் தொடங்கியது. குறை இல்லாமல் இல்லை. கோளுக்குப் பசுமையாகத் தோன்றுவதெல்லாம் மாடு தின்னும் புல் அன்று. பாக்கிடெங்கு நண்பன் கொடுத்துவைத்த மாடு கன்று ஈனும், காப்பீட்டுப் பணம் ஈனாது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கித் தொடர்ந்து ஐந்து மழைப் பருவங்கள் தவறியபோது கென்யாவில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. அவ்வளவு பெரிய இழப்புக்கு எந்தத் திட்டமும் ஈடு கொடுக்க இயலவில்லை.

நிலத்தைப் பொறுத்தவரை, 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ‘சமூக நிலம்’ என்பதைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் சமூக நிலச் சட்டம் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. எஞ்சியிருந்த கூட்டுப் பண்ணைகள் சமூகங்களாகப் புதிதாகப் பதிவு பெறவேண்டும். இம்முறை பெண்களும் இளைஞரும் உறுப்பினர் என்பது விதி. பேராளர் சிலர் கையொப்பத்தால் நிலம் கைமாற முடியாது. பெரும்பான்மை உறுப்பினர் கூடி இசையவேண்டும். தாளும் பொதுமையும் ஒருங்கே கிடைக்க இவ்வளவு காலம் ஆயிற்று.

லைக்கிப்பியா என்ன ஆயிற்று என்று கேட்கலாம். 1904-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு நூறாண்டு நிறைந்த 2004 ஆகஸ்டில் மசாய் மக்கள் ஊர்வலம் சென்றனர். குடியேற்றக்காரர்க்கு அளித்த குத்தகை 99 ஆண்டுகள்தாம், அது முடிந்துவிட்டது, நிலத்தைத் திருப்பித் தருக என்று கேட்டனர். மந்தைகள் சில பண்ணைகளுள் நுழைந்தன; காவலர் சுட்டதில் முதியவர் ஒருவர் உயிரிழந்தார். குத்தகை முடியவில்லை என்று அரசாங்கம் விடை கூறியது. 1915-ஆம் ஆண்டின் அரசுநிலச் சட்டம் 99 ஆண்டுக் குத்தகைகளை 999 ஆண்டுகளாக நீட்டியிருந்தது. அந்த நீண்ட கணக்கை 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்புக் குறைத்தது. குடியுரிமை இல்லாதோர் கையிலுள்ள நெடுங்குத்தகைகள் அனைத்தும் அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 99 ஆண்டுகளாக மாற்றப்பட்டன. அக்குத்தகைகள் முடிவுறும் ஆண்டு 2109.